ஒரு குடும்பம், ஏழு கதவுகள்: குழந்தை நலத் துறைகள் ‘ஒருங்கிணைந்து செயல்படுவது’ என்றால் என்ன?

“மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது, எல்லாத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட அறிவுறுத்தப்பட்டது.” நீலகிரியில் இருப்பவர்கள் இப்படி ஒரு செய்தியை அடிக்கடி படித்திருப்பார்கள். கொஞ்ச நாளில் ஏதோ ஒரு எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியோ, சின்ன வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண்ணைப் பற்றியோ இன்னொரு செய்தி வரும். உடனே எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான். அங்கன்வாடி இருக்கிறது, செவிலியர் இருக்கிறார், பள்ளி இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது, தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. அப்படியிருந்தும் இந்தக் குழந்தை எப்படி விடுபட்டது?

சேவையே இல்லாமல் விடுபடும் குழந்தைகளும் உண்டு. ஆனால் பல நேரம் குழந்தை விழுவது ஒரு சேவைக்கும் அடுத்த சேவைக்கும் நடுவில். ஒருங்கிணைக்கும் வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். அலுவலகங்கள் செய்யாவிட்டால் அது அந்தக் குடும்பத்தின் தலையில் விழுகிறது, மலையில் அந்தச் சுமை சமவெளியைவிடப் பல மடங்கு கனக்கிறது. இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில், யார் யார் இருக்கிறார்கள்?

குழந்தைகளுக்காக இருக்கும் ஏற்பாடுகளை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் புரிவது சுலபம்.

1. எல்லாக் குழந்தைகளுக்குமான சேவைகள். அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம், பள்ளி, ரேஷன் கடை ஆகியவை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் துணை உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து பற்றிய கல்வி ஆகிய மூன்றை அங்கன்வாடி தானே பார்த்துக்கொள்ளும். தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது ஆகிய மற்ற மூன்றும் சுகாதாரத் துறை கை கொடுத்தால்தான் நடக்கும். அதாவது, ஐம்பது வருடம் முன்பே பாதித் திட்டம் இன்னொரு துறையை நம்பித்தான் எழுதப்பட்டது.

2. கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கான உதவிகள். விதவை உதவித்தொகை, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள், மாற்றுத்திறனாளி உதவிகள் எல்லாம் இதில் வரும். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவும் இங்கேதான் வரும். ஸ்பான்சர்ஷிப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கு, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இது போக, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து இன்னொருவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது.

3. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கான பாதுகாப்பு. 1098 உதவி எண், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, காவல் நிலையத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஆகியோர். இவர்களுக்கு அதிகாரம் தருவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

இதில் அலகும் குழுவும் வேறு வேறு. அலகு என்பது களத்துக்குப் போய் விசாரிக்கும், திட்டங்களை நடத்தும் அலுவலகம். குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது, முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அமர்வுக்குரிய அதிகாரத்தோடு உத்தரவு போடும் அமைப்பு. குழந்தையை எங்கே வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் குழுதான் முடிவு செய்யும்.

செய்தியில் அடிபடுவது எப்போதும் மூன்றாவது அடுக்கு. ஆனால் அங்கே வந்து சேரும் குழந்தையை, முதல் அடுக்கில் இருக்கும் யாரோ ஒருவர் பல மாதம் முன்பே பார்த்திருப்பார். எடை குறைந்ததை அங்கன்வாடி ஊழியர் எழுதி வைத்திருப்பார், வருகை குறைந்ததை ஆசிரியர் குறித்திருப்பார். அந்தக் குறிப்பு எங்கே போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பந்தலூர் பக்கம் ஒரு குடும்பம்

புரிந்துகொள்வதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பந்தலூர் வட்டத்தில் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று. அப்பா மழைக்காலத்தில் உடம்புக்கு முடியாமல் வீட்டிலேயே இறந்துவிட்டார். அம்மா தேயிலைத் தோட்டத்தில் தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார். மூத்த பெண்ணுக்கு 12 வயது, கடைசிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியை நிறுத்திவிட்டாள். நடுவில் 8 வயதுப் பையன், அவனுக்குச் சிக்கில் செல் இரத்தச்சோகை. கடைசிக் குழந்தைக்கு மூன்று வயது, எடை குறைவு. யாருக்கும் சாதிச் சான்று இல்லை.

இந்தக் குடும்பம் தட்ட வேண்டிய கதவுகள்:

1. கடைசிக் குழந்தைக்கு அங்கன்வாடி.
2. பையனுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து கூடலூர் மருத்துவமனை.
3. மூத்த பெண்ணுக்கும் பையனுக்கும் பள்ளி.
4. இறப்புச் சான்று, விதவை உதவித்தொகை, சாதிச் சான்று எல்லாவற்றுக்கும் வருவாய்த் துறை.
5. குடும்ப அட்டையில் பெயர் திருத்த வட்ட வழங்கல் அலுவலகம்.
6. உறைவிடப் பள்ளி, வீடு போன்றவற்றுக்குப் பழங்குடியினர் நலத் துறை.
7. நிதி ஆதரவுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அதாவது ஊட்டி.

இதில் நான்காவதில்தான் எல்லாம் சிக்கும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் எந்தத் தொல்லையும் இல்லை. 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் நடுவர் நிலையில் இருக்கும் அதிகாரியின் உத்தரவே வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இறந்தால் குடும்பம்தான் போய்ச் சொல்ல வேண்டும். துக்கத்தில் இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு இந்த 21 நாள் கணக்கு எப்படித் தெரியும்? இறப்புச் சான்று இல்லையென்றால் விதவை உதவித்தொகை இல்லை. தந்தை இல்லாத குழந்தை என்று காட்ட ஆதாரம் இல்லாததால் ஸ்பான்சர்ஷிப் விண்ணப்பமும் நகராது. குடும்ப அட்டையில் பெயர் நீக்கவும் சேர்க்கவும் முடியாது. ஒரே ஒரு தாள், அது இல்லாமல் மூன்று கதவு மூடிவிடுகிறது.

அந்த வீட்டில் சாவு நடந்தது கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். கிராம ஊராட்சிகளில் பிறப்பு இறப்புப் பதிவாளர் யார்? கிராம நிர்வாக அலுவலர். செவிலியர் அவருக்கு ஒரு போன் செய்தால் போதும், பின்னால் வரப்போகும் பல மாத அலைச்சல் தவிர்ந்துவிடும். ஒருங்கிணைப்பு என்று பெரிதாகப் பேசுவதன் உண்மையான அளவு பல நேரம் இவ்வளவுதான்.

அடுத்து சாதிச் சான்று. பட்டியல் பழங்குடியினருக்கு இதைத் தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். பந்தலூர் மக்களுக்கு அது கூடலூர். பாதுகாப்பு அலகுக்கோ ஊட்டி வரை, அதாவது 70 கிலோமீட்டருக்கு மேல், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போக வேண்டும். போக வர ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். அன்றைய கூலி போய்விடும், பஸ் காசு போய்விடும், சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் அன்றும் வீட்டில் இருக்க வேண்டும். “சார் மீட்டிங் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க” என்று சொல்பவருக்கு அது ஒரு வாக்கியம்தான். அந்தக் குடும்பத்துக்கு இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. மூன்றாவது முறை அந்தத் தாய் வராமல் போனால் “பயனாளி அணுகவில்லை” என்று கோப்பில் எழுதப்படும்.

ஒத்துழைப்புக்கு நான்கு படிகள் உண்டு

‘ஒருங்கிணைந்து செயல்படுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. இதில் படிகள் இருக்கின்றன.

1. தெரிந்திருப்பது. அங்கன்வாடி ஊழியருக்கு ஸ்பான்சர்ஷிப் என்று ஒன்று இருப்பது தெரிகிறதா? ஆசிரியருக்குத் தன் வட்டாரத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று தெரியுமா?

2. அனுப்பிவிடுவது. “நீங்க கலெக்டர் ஆபீஸ்ல போய்க் கேளுங்க” என்று வழி காட்டுவது. பெரும்பாலும் நடப்பது இதுதான், இதோடு கடமை முடிந்ததாகவும் நினைத்துக்கொள்கிறோம்.

3. கையோடு ஒப்படைப்பது. அனுப்புபவர் அந்த அலுவலகத்துக்குத் தானே போன் செய்து, எந்த நாள் வரலாம், என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுவிட்டு அனுப்புகிறார். அங்கே போய்ச் சேர்ந்ததா, வேலை ஆனதா என்று பிறகு விசாரிக்கிறார். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வருகிற மாதிரி, அனுப்பியவருக்குப் பதில் வர வேண்டும். பதில் வராத வரை அந்தக் குழந்தை இன்னும் அவர் பொறுப்புதான்.

4. சேர்ந்து திட்டமிடுவது. ஒரே குடும்பத்தில் மூன்று குழந்தைகளுக்கு மூன்று துறை வேலை செய்கிறது என்றால், சம்பந்தப்பட்டவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதிக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் மட்டும் குடும்பத்தோடு தொடர்பு வைத்துக்கொள்கிறார். அவர் பெயரும் நம்பரும் அந்தத் தாயிடம் இருக்கும்.

எல்லாக் குழந்தைக்கும் நான்காவது படி தேவையில்லை. அங்கன்வாடியில் சேர்வதற்கு யாரும் கூட்டம் போட வேண்டாம். ஆனால் இரண்டுக்கு மேல் துறைகள் தேவைப்படும் குடும்பத்தை இரண்டாவது படியிலேயே விட்டுவிட்டால் அது நிச்சயம் எங்கேயோ அறுந்துவிடும். என் பார்வையில், முதலில் சரிசெய்ய வேண்டியது மூன்றாவது படி. அதற்குப் புதிய அரசாணை எதுவும் வேண்டாம், செலவும் இல்லை.

சிக்கில் செல்: மருத்துவமனையும் பள்ளியும் பேசாவிட்டால்

மேலே சொன்ன பையனின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீலகிரியின் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கில் செல் நோய் பரவலாக இருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட விஷயம். பரம்பரையாக வரும் நோய் இது. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து சின்ன இரத்தக் குழாய்களை அடைத்துவிடும், அப்போது கை கால் மூட்டுகளில், வயிற்றில், நெஞ்சில் தாங்க முடியாத வலி வரும். குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காய்ச்சல், அதிக உடல் உழைப்பு எல்லாமே வலியைத் தூண்டக்கூடியவை. ஒழுங்காக மாத்திரை எடுத்து, தண்ணீர் நிறையக் குடித்து, குளிர் படாமல் இருந்தால் பெருமளவு கட்டுக்குள் வைக்கலாம்.

இது மருத்துவருக்குத் தெரியும். ஆசிரியருக்குத் தெரியாது. பையன் மழைக்காலத்தில் அடிக்கடி வருவதில்லை, வந்தாலும் சோர்ந்து படுத்துவிடுகிறான், விளையாட்டு வகுப்பில் ஓட மறுக்கிறான். சோம்பேறி, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு சுலபம்! திட்டு வாங்கிய பையன் அடுத்த வாரம் வரவே மாட்டான். அப்புறம் அவன் ‘நீண்ட நாள் வராதவர்’ பட்டியலுக்குப் போவான், அங்கிருந்து ‘பள்ளி செல்லாக் குழந்தை’ பட்டியலுக்கு.

2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய சிக்கில் செல் ஒழிப்பு இயக்கம் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்து அட்டை கொடுக்கச் சொல்கிறது. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நேரடியாகவே வருகிறது. ஆக, வழி இருக்கிறது. பெற்றோர் சம்மதத்தோடு வகுப்பாசிரியரிடம் நான்கு வரி சொன்னால் போதும்: இந்தப் பையன் எப்போது கேட்டாலும் தண்ணீர் குடிக்க விடுங்கள், குளிரில் வெளியே நிற்க வைக்காதீர்கள், வலி என்றால் நம்புங்கள், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். இந்த நான்கு வரி ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றும்.

சரி, ஏன் இது நடப்பதில்லை?

மனமில்லாமல் யாரும் இப்படி விடுவதில்லை. களத்தில் இருக்கும் அங்கன்வாடி ஊழியர்களும் செவிலியர்களும் அட்டைப்பூச்சிக் கடி வாங்கி, யானை நடமாடும் பாதையில் நடந்து வீடு வீடாகப் போகிறவர்கள். தடை அமைப்பில் இருக்கிறது.

1. கணக்கு தனித்தனி. ஒவ்வொரு துறையும் தன் இலக்கைத்தான் மேலே அனுப்ப வேண்டும். எத்தனை தடுப்பூசி, எத்தனை சேர்க்கை, எத்தனை மீட்பு என்று கேட்பார்கள். வேறு துறையின் வேலைக்காகச் செலவழித்த ஒரு மதியப் பொழுதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

2. எண்ணும் தனித்தனி. கர்ப்பத்திலேயே சுகாதாரத் துறை தரும் பிக்மி எண், அங்கன்வாடியின் செயலியான போஷன் டிராக்கரில் ஒரு பதிவு, பள்ளியில் மாணவர் பதிவுக்கான எமிஸ் எண், ரேஷன் அட்டை எண், ஆதார். ஒரே குழந்தைதான், ஆனால் ஒரு பதிவில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. பழங்குடிப் பெயர்களைப் பதிவு செய்பவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிவிடுவதால் இந்தச் சிக்கல் இங்கே இன்னும் அதிகம். கடைசியில் வங்கிக் கணக்கில் பணம் ஏறும்போது பெயர் இடிக்கும்.

3. முகவரி. கூடலூர், பந்தலூர் பகுதியில் 1969-ஆம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் (பழைய பரம்பரை நில உடைமையை ஒழித்த சட்டம்) பிரிவு 17-க்குள் வரும் நிலங்களில் பட்டாவும் மின் இணைப்பும் இல்லாமல் பல காலமாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. கரண்டு பில் கொண்டுவா என்று கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்?

4. மொழி. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீடுகளில் பேசப்படுவது வேறு, அலுவலகத் தமிழ் வேறு. ஜார்கண்ட், அசாம் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்குத் தமிழே புதிது. எந்த மாநில அட்டையிலும் இங்கே அரிசி வாங்கலாம் என்ற ஏற்பாடு தமிழகத்தில் 2020 அக்டோபர் முதல் இருக்கிறது, பிள்ளைகளை எந்த அங்கன்வாடியிலும் எந்த அரசுப் பள்ளியிலும் சேர்க்கலாம். அவர்கள் மொழியில் யாராவது சொன்னால்தானே தெரியும்.

5. பயம். இது அதிகம் பேசப்படாதது. ஆபீசில் இருந்து ஆள் வந்தால் பிள்ளையை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைக்கும் தாய், கதவைத் திறக்க மாட்டார். துறைகள் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தால் இந்தப் பயம் குறையும் என்று நினைக்க வேண்டாம். ஒரு இடத்தில் சொன்னது எல்லா இடத்துக்கும் போகிறது என்று தெரிந்தால் பயம் கூடத்தான் செய்யும். குடும்பத்திடம் கேட்டு, குடும்பத்துக்குத் தெரிய நடந்தால்தான் நம்பிக்கை வரும்.

சட்டம் ஏற்கெனவே என்ன சொல்கிறது?

குழந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரிப்பதற்கான சட்டம் என்றே இளைஞர் நீதிச் சட்டத்தைப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. சட்டத்தின் 3-ஆவது பிரிவில் 16 அடிப்படைக் கொள்கைகள் இருக்கின்றன. குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பவை அதில் அடக்கம். கணவனை இழந்த தாய், தீராத நோயில் இருக்கும் பெற்றோர், தாத்தா பாட்டியிடம் வளரும் அநாதைக் குழந்தை என்று 45-ஆவது பிரிவு ஸ்பான்சர்ஷிப்பைப் பற்றிச் சொல்வதும் இதற்காகத்தான். வறுமைக்கு மருந்து இல்லம் அல்ல, வீட்டுக்கே வரும் உதவி.

காலக்கெடுவும் இருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்பு கொண்டுபோக வேண்டும். குழு கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன்பு கொண்டுபோனாலும் செல்லும், இது மலைப் பகுதிக்கு ரொம்ப முக்கியமான ஏற்பாடு. குழந்தையின் குடும்ப நிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில், இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியருக்கு இந்த அமைப்புகளைக் கண்காணிக்கும் பொறுப்பு நேரடியாகவே இருக்கிறது. ரேஷனும் வருவாயும் சுகாதாரமும் கல்வியும் கூப்பிட்டால் வந்து உட்காரும் ஒரே மேசை ஆட்சியருடையது, அதனால் இந்தத் திருத்தத்தை மலை மாவட்டங்கள் முழுதாகப் பயன்படுத்த வேண்டும்.

துறைகளைச் சேர்த்து வைக்கும் இன்னொரு முயற்சி 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன். மிகவும் நலிந்த பழங்குடிக் குழுக்களுக்காக ஒன்பது அமைச்சகங்கள் சேர்ந்து பதினொரு வகை வேலைகளைச் செய்யும் திட்டம் அது. தமிழ்நாட்டின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்களும் நீலகிரியில் இருப்பதால் இந்த மாவட்டத்துக்கு இதில் தனி இடம் உண்டு.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

ஒத்துழைப்பு என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது என்று அர்த்தம் இல்லை. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் குழந்தைக்குப் பள்ளியில் விடுப்பும், தேர்வில் சலுகையும், தனியாகப் பேச ஓர் ஆசிரியரும் தேவை. அதற்காக நடந்தது என்ன என்று பள்ளிக்குத் தெரிய வேண்டியதில்லை. அவரவர் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் குழந்தையின் படத்தையும் ஊரையும் போட்டு “நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதுவது ஒத்துழைப்பு அல்ல. அதே நேரம், பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் ரகசியம் காக்கிறேன் என்று சும்மா இருக்கவும் முடியாது. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் தண்டனை உண்டு. போலீசும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும். வழக்கு முடியும் வரை குழந்தையோடு கூடவே இருக்க ஓர் ஆதரவு நபரைக் குழு நியமிக்கலாம் என்று போக்சோவின் 2020 விதிகள் சொல்கின்றன. மேலே நான்காவது படியில் சொன்ன ‘ஒரே தொடர்பு ஆள்’ என்பது இங்கே சட்டமாகவே வந்துவிட்டது. உணவு, துணி, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்கு உடனடிப் பணம் தரும்படி குழு பரிந்துரைக்கலாம் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை.

கூடலூரில் வளர்ந்த ஒரு முறை

வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1986-இல் கூடலூரில் அக்கார்ட் அமைப்பு பழங்குடி மக்களோடு வேலை தொடங்கியது, ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1990-இல் சுகாதாரத்துக்காக அஸ்வினி அமைப்பும், அதைத் தொடர்ந்து கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் வந்தன. கல்விக்கு வித்யோதயா பள்ளி. பழங்குடிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றார்கள், குடியிருப்புகளில் அந்த ஊர்க்காரர்களே சுகாதாரப் பணியாளர் ஆனார்கள். வீட்டுக்கு வருகிறவர் அதே மொழி பேசுகிறவர், மருத்துவத்துக்கும் படிப்புக்கும் நில உரிமைக்கும் பின்னால் நிற்பது அதே சங்கம். ஒரு வீட்டில் பார்த்த பிரச்சினையை அடுத்தவரிடம் சொல்ல அலுவலகக் கடிதம் தேவைப்படவில்லை. கோத்தகிரியில் 1958 முதல் இயங்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் மருத்துவத்தையும் கல்வியையும் கையோடு எடுத்துச் சென்ற இன்னொரு அமைப்பு.

அரசு இதை அப்படியே நகல் எடுக்க முடியாது, அதன் அளவு வேறு. எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. ஊரைத் தெரிந்த, மொழி தெரிந்த ஒருவரைத் தொடர்பு ஆளாக வைத்து, அவர் சொல்வதை எல்லாத் துறையும் மதிப்பது.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

கிராம ஊராட்சியிலும் நகராட்சி வார்டிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். பந்தலூர் ஊர் நெல்லியாளம் நகராட்சிக்குள் வருகிறது, அதனால் அங்கே கிராம சபை கிடையாது, பகுதி சபைதான். எஸ்டேட் குடியிருப்புகளில் இருப்பவர்கள் தாங்கள் எதில் வருகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. சபையில் கேட்கலாம்:

1. இந்த வார்டின் குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடியது?
2. நீண்ட நாள் வராத பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளி யாரிடம் கொடுக்கிறது, அவர் என்ன செய்தார்?
3. வீட்டில் நடந்த பிறப்பு இறப்புகள் எல்லாம் பதிவாகிவிட்டனவா?
4. கோட்டாட்சியர், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஆதார், வங்கி எல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரும் முகாம் எப்போது?

நான்காவது கேள்விதான் மலைக்கு மிக முக்கியம். அறுபது குடும்பங்கள் ஊட்டிக்குப் போவதைவிட ஒரு ஜீப் பந்தலூருக்கு வருவது எல்லோருக்கும் மலிவு. ஒருங்கிணைப்பு நடக்கிறதா என்று அளக்க வேண்டுமானால் கூட்டங்களை எண்ணாமல், ஓர் உதவி கைக்கு வர அந்தத் தாய் எத்தனை முறை பஸ் ஏறினார் என்று எண்ணட்டும்.

உங்கள் கண்ணில் ஒரு குழந்தை பட்டால்

1. 1098-க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் இலவசம். 1996-இல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவை 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில், 112 அவசர எண்ணோடு இணைந்து நடக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் நேராக 112.
2. இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் வீட்டு எண், பக்கத்துப் பஸ் நிறுத்தம். மலையில் ஊர்ப் பெயர் மட்டும் சொன்னால் வருகிறவர் தேடியே பாதி நாள் போய்விடும்.
3. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் கழித்து அதே எண்ணைச் சொல்லி என்ன ஆனது என்று கேளுங்கள்.
4. குடும்பத்துக்குத் தாள் இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். சட்ட உதவிக்கு 15100 இருக்கிறது, குழந்தைகளுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்.
5. படம் எடுத்துப் போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முகத்தை மறைத்துவிட்டு ஊர்ப் பெயரையும் பள்ளிச் சீருடையையும் காட்டினாலும் அடையாளம் தெரிந்துவிடும், அதுவும் இதில் அடங்கும்.